குடிக்கூலி வாங்கிய பொன்னுலிங்கம்

குடிக்கூலி என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும் வீட்டு வாடகை என்பார்கள். அகராதியும் அதையேதான் சொல்லும். குடி என்றால் குடியிருப்பது, கூலி என்றால் கூலி. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் சொல் வந்துவிட்டது. அதெல்லாம் சரி. ஆனால் யார் யாருக்குக் கொடுக்கிற கூலி? நாற்று நட்டவளுக்கு நட்டதற்குக் கூலி. தென்னை ஏறியவனுக்கு ஏறியதற்குக் கூலி. எதையாவது செய்தவன்தான் உலகத்தில் கூலி வாங்குகிறான். அப்படியானால் குடியிருந்தவனல்லவா குடிக்கூலி வாங்க வேண்டும்? குடியிருக்கிற வேலையையும் செய்துவிட்டு, கூலியையும் அவனே கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

கேள்வி என்னுடையதில்லை. பத்மநாபபுரம் கோட்டைக்குள் எங்களுக்கு அடுத்த வீட்டுப் புரையிடத்தில் இருந்த பொன்னுலிங்கத்தினுடையது. அவர் கேள்வியோடு நின்றவரும் இல்லை. பத்து வருஷத்துக்குக் குறையாமல் அந்தக் கூலியைக் கைநீட்டி வாங்கினார். கோட்டாற்றிலும் நாகர்கோவிலிலும் வீட்டில் இருக்கிறவர்கள்தான் பணம் கொடுக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், "அவியளுக்கு வெவரம் பத்தாது" என்று வருத்தத்தோடு தலையை ஆட்டுவார்.

அவருடைய தொழில் மற்றவர்களுடைய காலி வீட்டில் குடியிருப்பது. சிரிக்க வேண்டாம், எங்கள் பக்கம் அது தேவையான தொழில்தான். பழைய வீடுகளெல்லாம் மரத்தால் ஆனவை. தூண் பலா, கதவு தேக்கு, கூரையைத் தாங்குகிற கழுக்கோல் அயினி. வானம் வேறு எங்களுக்கு வருஷத்தில் இரண்டு மழையைக் கொட்டும். அப்படிப்பட்ட வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு இலங்கைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போனால், திரும்பி வரும்போது சாவி மட்டும்தான் பத்திரமாக இருக்கும். வீட்டைக் கறையான், எங்கள் பேச்சில் சிதல், தின்றிருக்கும். அடுப்புப் புகை ஏறுகிற கூரையில் சிதல் ஏறாது என்பது எல்லோரும் சொல்வது. அதனால் வெளியூர் போகிறவர்கள் ஒரு குடும்பத்தை வீட்டில் வைத்து, வருஷத்துக்குக் கொஞ்சம் நெல்லும் அளந்துவிட்டுப் போவார்கள். விளக்கேற்ற வேண்டும், அடுப்பெரிக்க வேண்டும், ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பொன்னுலிங்கம் இதில் இறங்கியது திருவட்டாற்றில். இலங்கைக்குப் போன ஒரு வியாபாரி தன் வீட்டை அவரிடம் விட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் கழுக்கோல் ஒவ்வொன்றும் எண்ணெய் தேய்த்ததுபோல் கறுத்து மினுங்கிற்று. சிதலும் இல்லை, எலியும் இல்லை. எலிகள் வரிசையாகக் கோயில் வாசல் வழியே வெளியேறியதை அந்த வட்டாரமே நின்று பார்த்ததாக ஒரு பேச்சு. நானும் பார்த்தேன் என்று பிறகு நான்தான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். வியாபாரி எங்கெங்கோ புகழ, குழித்துறையில் இரண்டு வீடு, பிறகு எங்கள் கோட்டைக்குள் கோலப்ப பிள்ளையின் வீடு என்று பொன்னுலிங்கத்தின் தொழில் வளர்ந்தது. குழித்துறை ஆற்றங்கரை வீட்டில் அவர் ஒரு தடவை இருமியதில் அந்தத் தெருச் சிதல் முழுக்க அக்கரைக்குப் போய்விட்டது என்பார்கள். அக்கரைக்காரர்கள் அவர்மேல் கோபமாக இருந்தது எனக்கே தெரியும்.

இதிலெல்லாம் ஒரு சின்ன விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. விளக்கேற்றியது அவர் மனைவி செல்லத்தாய். அடுப்பெரித்தது செல்லத்தாய். முற்றம் பெருக்கியது, தரை மெழுகியது, ஒட்டடை அடித்தது, தென்னையிலிருந்து விழுகிற கொதும்பும் சில்லாட்டையும் பொறுக்கி வந்து புகை போட்டது எல்லாமே அவள்தான். அப்படியானால் பொன்னுலிங்கம் என்ன செய்தார்? இருந்தார். காலையில் முன்கட்டுத் தூணில் சாய்ந்து இருப்பார். வெயில் வந்தால் அடுத்த தூணுக்கு மாறுவார். சாயங்காலம் முதல் தூணுக்கே திரும்பிவிடுவார்.

"ஒரு எடத்துல இருந்தா மத்த எடத்துக்கு ஆள்வாசம் எட்டாது, கேட்டியா?" என்பார் என்னிடம். "மாறி மாறி இருக்கணும். செலரு இதெல்லாம் லேசுன்னு நெனைக்கா."

"கை வலிக்காதா அண்ணாச்சி?" என்று நான் கேட்டால், "முதுகுதான் வலிக்கும்" என்று உண்மையாகவே முதுகைத் தடவிக்கொள்வார்.

கோலப்ப பிள்ளை சர்க்கார் உத்தியோகத்தில் திருவனந்தபுரத்துக்கு மாறிப் போனவர். பொன்னுலிங்கத்துக்குத் தூரத்து உறவு. எவ்வளவு தூரம் என்று கேட்டால் இரண்டு பேருமே பேச்சை மாற்றுவார்கள். பிள்ளைக்குக் கை கொஞ்சம் இறுக்கம். நெல்லை அளக்கும்போது படியைத் தலைதட்டித் தட்டியே பாதி நாள் ஆக்குவார். தேங்காய் விஷயத்தில் ஒரு உடன்படிக்கை வைத்திருந்தார். பறிக்கிற தேங்காய் தனக்கு, தானாக விழுகிறது பொன்னுலிங்கத்துக்கு. பொன்னுலிங்கம் வந்தபிறகு அந்தப் புரையிடத்துத் தென்னைகளுக்கு என்ன வந்ததோ, இலை அசையாத நாளிலும் தேங்காய் விழும். பறிக்க ஆள் வருகிற நாளுக்கு முந்தின நாள்தான் அதிகம் விழும்.

இப்படி ஒருத்தர் இருந்தே பிழைத்த வீட்டில், செல்லத்தாய்க்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. அந்த முள்ளைக் குத்தவைத்தவள் குழித்துறைச் சம்பந்தி. தங்கம்மை என்று பெயர்.

செல்லத்தாயின் ஒரே மகள் ஓமனாவைத் தங்கம்மையின் மகனுக்குத்தான் கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று தங்கம்மை பெண்ணைப் பார்த்ததைவிட வீட்டைப் பார்த்தது அதிகம். தூணைத் தட்டினாள். கதவின் கொத்துவேலையை விரலால் தடவினாள். அண்ணாந்து மச்சைப் பார்த்தாள்.

"கொள்ளாம், நல்ல வீடு" என்றாள்.

"ஆமா, நல்ல வீடு" என்றார் பொன்னுலிங்கம்.

"பழைய மரம்."

"நல்ல பழைய மரம்."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வீடு யாருடையது என்று தங்கம்மை கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்கிற வழக்கம் பொன்னுலிங்கத்துக்கு இல்லை. செல்லத்தாய்தான் அன்றைக்குப் பலகாரத் தட்டைக் கீழே வைக்கும்போது கொஞ்சம் முந்திரிக்கொத்தை உருட்டிவிட்டாள்.

கல்யாணம் நடந்தது. ஓமனா உண்டானாள். முதல் பேறு தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்தில் மாற்ற முடியாத வழக்கம். ஏழாம் மாதத்தில் அழைத்துவர வேண்டியது, மழை பிடித்து வெளுத்து வாங்கியதால் ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளிப் போயிற்று. அதற்குள் குழித்துறைச் சந்தையில் யாரோ வாயைத் திறந்துவிட்டார்கள். உன் சம்பந்தி ஊரார் வீட்டில் இருந்து பிழைக்கிறவராமே என்று தங்கம்மையிடம் கேட்டிருக்கிறார்கள். தங்கம்மை சொல்லியனுப்பினாள்.

"பேரப்பிள்ளை பெறக்கப்போற வீடு ஆருக்க வீடுன்னு எனக்குத் தெரியணும். சொந்த எடமில்லேன்னா ஓமனா இஞ்சயே பெறட்டு. ஊரான் வீட்டுல பெறக்காண்டாம்."

செல்லத்தாய் இதைக் கேட்டுவிட்டு, மெழுகிய தரையையே மறுபடி மெழுகினாள். எத்தனையோ வீட்டை அவள் மெழுகி மினுக்கியிருக்கிறாள். பெற்ற மகளை அழைத்துவந்து படுக்கவைக்க ஒரு அறையைத் தன் வீடு என்று சொல்ல முடியவில்லை என்றால் அந்தக் கை எதற்கு? கோலப்ப பிள்ளை வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அவர் வராத காலத்தில் இது தன் வீடு மாதிரிதான். அந்தத் தைரியத்தில், வெள்ளிக்கிழமை போய் ஓமனாவை அழைத்துவருவது என்று தீர்மானித்தாள். தங்கம்மை வந்து கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வாரத்தில்தான் துணி வியாபாரி முகம்மது மீரான் வந்தார். திருவனந்தபுரத்துக்குச் சரக்கெடுக்கப் போகிறவர். போகிற வருகிற வழியில் ஊர்ச் செய்தியையும் சுமப்பார்.

"பொன்னுலிங்கம், பிள்ளைவாளைப் பாத்தேன். ஒரு ஆளு வருவாராம். வீட்டைக் காட்டிக் குடுக்கச் சொன்னாரு. அவருதான் இனி குடியிருப்பாராம்."

"ஆரு? எந்த ஊரு?"

"கெழக்கத்தி ஆளுன்னு சொன்னாரு. எனக்கு வேற தெரியாது மக்கா."

பொன்னுலிங்கம் தூணை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அப்படி அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அது எங்கள் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த நவம்பர் மாதம். அலுவலகங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து புதிது புதிதாக ஆட்கள் மாற்றலாகி வந்துகொண்டிருந்தார்கள். பெட்டியும் படுக்கையுமாகத் தக்கலைச் சந்திப்பில் இறங்கி, வீடு தேடி அலைந்தார்கள். ஊருக்கே தெரிந்த இந்தச் செய்தி பொன்னுலிங்கத்தின் தூணை மட்டும் வந்து எட்டவில்லை. அவர் யோசித்ததெல்லாம் வேறு. தன் தொழிலைக் கற்றுக்கொண்ட எவனோ ஒருத்தன், நெல்லைக் குறைத்து வாங்கிக்கொண்டு இருக்கிறேன் என்று பிள்ளையிடம் கேட்டிருக்கிறான். இறுக்கமான கைக்கு அது இனித்திருக்கிறது.

"வரட்டு. அவனுக்கு இருக்கத் தெரியுமான்னு நான் பாக்கேன்" என்றார்.

மறுநாள் காலையில் வந்தவர் மெலிந்த உடம்பும் பயந்த கண்ணுமாக இருந்தார். சிவசைலம் என்று பெயர். தாலுகா அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து, ஒரு சத்திரத்தில் அம்மாவையும் மனைவியையும் பெட்டிகளோடு உட்காரவைத்துவிட்டு வந்திருந்தார். வாசலில் தூணில் சாய்ந்து, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பொன்னுலிங்கம் இருந்த இருப்பைப் பார்த்ததும், இவர்தான் வீட்டுக்காரர் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. யாருக்கும் தோன்றும். அவர் அதற்காகத்தானே பழகியிருந்தார்.

"குடியிருக்க வந்திருக்கேன், அண்ணாச்சி" என்றார் சிவசைலம்.

"தெரியும். இரியும். இதுக்கு முன்ன எந்தெந்த வீட்டுல இருந்திருக்கீரு?"

"தென்காசியில ஒரு வீடு. சங்கரன்கோவில்ல ஒரு வீடு."

"ஏன் விட்டீரு?"

"மாத்தல் வந்துட்டுது."

"வெரட்டி விட்டதா?"

"ஐயோ, இல்லை அண்ணாச்சி. அழுதுகிட்டுல்லா அனுப்பிவச்சாங்க."

பொன்னுலிங்கத்துக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்தது. அழுது அனுப்பும்படி இருந்தவன் என்றால் லேசான ஆள் இல்லை.

"வெளக்கு ஆரு கொளுத்துவா?"

"எங்கம்மா. ஒரு நாளும் தவறாது."

"கொள்ளாம். இருமுவீரா?"

சிவசைலம் திகைத்தார். இருமல்காரனுக்கு வீடு தரமாட்டார்கள்போல என்று நினைத்து, "எப்பவாவது, மழைக்கு. மருந்து சாப்பிட்டா நின்னிரும்" என்றார்.

"நிறுத்தப்பிடாது. வீட்டுல ஆளு உண்டுன்னு எலிக்குத் தெரியாண்டாமா? சரி, அடுப்பு?"

இந்த இடத்தில் சிவசைலத்தின் முகம் மலர்ந்தது. மற்ற வீட்டுக்காரர்களை எல்லாம் மகிழ்வித்த ஒரு பதில் அவர் கையில் இருந்தது.

"அடுப்பே கிடையாது அண்ணாச்சி! மண்ணெண்ணெய் ஸ்டவ் வச்சிருக்கோம். புகை துளிகூட வராது. உங்க சுவர்ல ஒரு பொட்டு கரி இருந்தா என்னைக் கேளுங்க."

பொன்னுலிங்கம் அண்ணாந்து கழுக்கோலைப் பார்த்தார்.

"பொகை வராதா?"

"வரவே வராது."

"பின்னே நீரு எதுக்கு ஓய் இருக்கப் போறீரு?"

சிவசைலம் கையைக் கட்டிக்கொண்டார். உலகத்தில் எந்தப் பரீட்சையிலும் கேட்காத கேள்வி. அவர் கை கட்டியதைப் பணிவு என்று எடுத்துக்கொண்ட பொன்னுலிங்கம் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

"போட்டு. இஞ்ச நெல்லுதான் வழக்கம். அது சம்மதமா?"

"நெல்லா? நான் மாசச் சம்பளக்காரன். நெல்லுக்கு எங்க போவேன்? பணமாத் தந்திருதேனே."

"ஆரு தருவா?"

"நான்தான்."

"நீரு இஞ்ச இருக்கதுக்கு, நீரே பணம் தருவீரு?"

"மாசாமாசம். முதல் தேதியில."

பொன்னுலிங்கம் எழுந்து நின்றுவிட்டார். நெல்லைக் குறைத்து வாங்குகிற போட்டிக்காரனைச் சமாளிக்க அவர் தயாராக இருந்தார். ஒன்றுமே வாங்காமல் இருக்கிறேன் என்கிறவனைக்கூடப் பேசி விரட்டியிருப்பார். கையிலிருந்து கொடுத்து இருக்கிறேன் என்று ஒருத்தன் கிளம்பினால் தொழில் என்ன ஆவது? அவருக்கு உடனே தோன்றியது வந்தவர் உடம்பைப் பற்றிய கவலைதான்.

"ஏட்டி செல்லத்தாயி! கொஞ்சம் மோரு கொண்டா. வந்த மனுசனுக்குப் பயணம் செய்த கெறக்கம் தலைக்கேறீட்டு போலிருக்கு. இருக்கதுக்குப் பணம் தருவேன்னு சொல்லுகாரு!"

மோரோடு வந்த செல்லத்தாய் சிரிக்கவில்லை. வந்தவரின் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது. பணம் கொடுத்து இருக்க ஆள் வந்தபிறகு, நெல் கொடுத்து ஆளை இருக்கவைக்கப் பிள்ளைக்கு என்ன பைத்தியமா? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஓமனாவை எந்த வீட்டுக்கு அழைத்து வருவாள்?

"குடியுங்கோ" என்று மோரைக் கொடுத்தாள். "வீட்டுல எத்தனை பேரு?"

"நான், அம்மா, சம்சாரம். மூணே பேர்தான் அக்கா."

"மூணு பேருக்கு இந்த நாலுகட்டும் வேணுமா?"

"முன்கட்டு மட்டும் கிடைச்சாக்கூடப் போதும். சத்திரத்துல இன்னும் ரெண்டு நாள் போனா எங்கம்மா என்னைப் பேர் சொல்லியே கூப்பிடமாட்டா."

செல்லத்தாய் உள்ளே போய்விட்டாள். அடுத்தநாள் முழுக்க அவள் அடுப்படியை விட்டு வரவில்லை. பிள்ளை வீட்டு அடுக்களை தனியான பின்கட்டு. முற்றத்தைச் சுற்றிக் கட்டிய நாலுகட்டுக்குப் பின்னால், ஒரு சின்ன அறையும் கிணறும் சேர்ந்து, கூரை மட்டும் பெரிய வீட்டோடு ஒட்டியிருக்கும். அங்கே அவள் என்ன யோசித்தாள் என்பது, ஆள் நல்லவராக இருக்கிறாரா என்று பார்க்கக் கோலப்ப பிள்ளையே பஸ் ஏறி வந்து இறங்கியபிறகுதான் தெரிந்தது.

பிள்ளைக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. தூரமானாலும் உறவு. குடையை மூலையில் வைத்துவிட்டு, மழையைப் பற்றிப் பேசினார், பஸ்ஸைப் பற்றிப் பேசினார். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"காலம் மாறிப்போச்சு பாத்துக்கோ, பொன்னுலிங்கம். வீட்டுக்கு ஆளு கெடைக்கான். நான் ஏன் நெல்லு அளக்கணும்?"

"அந்த ஆளுக்கு இருக்கத் தெரியாது" என்றார் பொன்னுலிங்கம். "நான் கேட்டுப் பாத்துட்டேன்."

"இருக்கதுக்கு என்ன வே தெரியணும்?"

பத்து வருஷத் தொழிலை ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டார். பொன்னுலிங்கத்தின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் செல்லத்தாய் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, அவியளுக்கு இருக்கத் தெரியும். அதில ஒண்ணும் கொறையில்ல. ஆனா ஸ்டவ்வாக்கும் வச்சிருக்கா. பொகை வராதாம்."

"வராட்டா நல்லதுதானே?"

"நல்லதுதான். சிதலுக்கு."

பிள்ளை அண்ணாந்து பார்த்தார். கறுத்து மினுங்கிய கழுக்கோல் ஒவ்வொன்றும் அவர் தாத்தா வெட்டிப் போட்ட அயினி. விலை பேசினால் வீட்டைவிட அதிகம் போகும்.

"விறகுல பொங்கச் சொல்லலாமே அவியளை?"

"சொல்லுங்கோ. ஊதுகுழல நான் தாறேன். ஆபீசருக்க பெண்டாட்டி கையில நீங்களே கொண்டு குடுங்கோ."

செல்லத்தாய் விடவில்லை.

"முன்கட்டை அவியளுக்குக் குடுங்கோ. மாசாமாசம் பணம் வரட்டு. அடுக்களைக்கட்டுல நாங்க இருக்கோம். நான் அடுப்பு எரிச்சா பொகை உங்களுக்க கூரைக்குத்தானே போகும்? அடுக்களைக்கட்டுக்கு இனி என்னைக் கேளாம ஒருத்தரையும் விடப்பிடாது. அதுக்கு நெல்லைப் பாதியாக்கிக்கிடுங்கோ."

"எடமும் தந்து, பாதி நெல்லும் தரணுமா?"

"சிதலுக்கு முழு வீட்டையும் குடுக்கதுக்கு இது லாவந்தான் மாமா."

பிள்ளை கொஞ்சம் கணக்குப் போட்டார். ஒரு கையால் வாங்கி, அதில் ஒரு சின்னப் பங்கை மறுகையால் கொடுத்தால் போதும், கூரையும் தப்பும். இந்த யோசனை தனக்கே தோன்றியதுபோல் அவர் முகம் தெளிந்தது. திருவனந்தபுரம் போய் அப்படித்தான் சொல்லிக்கொண்டாராம். "தானா விழுற தேங்காய்?" என்று பொன்னுலிங்கம் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார். பிள்ளை காது கேட்காதவர்போல் குடையை எடுத்துக்கொண்டார்.

இப்படியாக ஒரே கூரைக்குக் கீழே, முன்கட்டில் இருந்தவர் குடிக்கூலி கொடுத்தார், பின்கட்டில் இருந்தவர் குடிக்கூலி வாங்கினார். அகராதி எழுதுகிறவர்கள் யாராவது அந்த மாதம் பத்மநாபபுரம் வந்திருந்தால் இரண்டு பொருளையும் முற்றத்தில் நின்றே எழுதிக்கொண்டு போயிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை ஓமனாவை அழைத்து வந்தார்கள். தங்கம்மை அனுப்பியது அரைமனதாகத்தான். "பிள்ளை பெறந்ததும் நான் வருவேன். வந்து பாப்பேன்" என்று வாசலில் நின்று சொன்னாள். சொன்னது பிள்ளையைப் பார்ப்பேன் என்றல்ல என்பது செல்லத்தாய்க்குத் தெரியும்.

மார்கழி பிறக்கும்போது அடுக்களைக்கட்டின் சின்ன அறையில் பெண் குழந்தை பிறந்தது. பேறுகாலத்து வெந்நீருக்காகச் செல்லத்தாய் போட்ட தீயில் கோட்டைக்குள் பாதி வீடுகளுக்குப் புகை போயிற்று. முன்கட்டில் சிவசைலமும் அவர் அம்மாவும் மாறி மாறி இருமினார்கள். பொன்னுலிங்கம் பின்கட்டு நடையில், புதிதாகப் பிடித்த ஒரு தூணில் சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "இப்பந்தான் அந்த ஆளு இருக்கப் படிச்சிருக்காரு" என்று என்னிடம் சொன்னார்.

தங்கம்மை வந்தாள். கையில் நல்லெண்ணெய்ப் பாத்திரமும் கருப்பட்டியும். வாசலில் அவளை வரவேற்றது சம்பந்தி இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த சிவசைலம். தங்கம்மை நின்றுவிட்டாள். செல்லத்தாய் அடுக்களை வாசலில் நின்று இதைப் பார்த்தாள். கையில் இருந்த வெந்நீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். சந்தையில் கேட்டதெல்லாம் சரிதான், ஊரான் வீட்டில்தான் என் பேத்தி பிறந்திருக்கிறது என்று தங்கம்மை இப்போதே திரும்பி நடந்தால், ஓமனா அந்த வீட்டில் நாளைக்கு எப்படி நிமிர்ந்து நடப்பாள்?

"நீங்க ஆரு?" என்றாள் தங்கம்மை.

"இங்க குடியிருக்கோம்மா."

"வீட்டுக்காரரா?"

"நானா?" சிவசைலம் பதறி எழுந்தார். "நாங்க வாடகைக்கு இருக்கோம். அண்ணாச்சி பின்கட்டுல இருக்காரு."

"எந்த அண்ணாச்சி? பொன்னுலிங்கமா?"

"அவருதான். அவரு சும்மா யாரையும் விட்டிருவாரா? இந்தத் தூண்ல சாஞ்சு இருந்துகிட்டு என்னைக் கேட்ட கேள்வி இருக்கே! எந்த ஊரு, எந்த வீடு, ஏன் விட்டே, வெளக்கு யாரு கொளுத்துவா, இருமுவியா! என் உத்தியோகத்துக்குக்கூட என்னை யாரும் அப்படிக் கேட்கல. ஸ்டவ்னு சொன்னதுக்கு, பின்னே எதுக்கு இருக்கப் போறேன்னு கேட்டுட்டாரு. ஏதோ அந்த அக்கா மனசு வச்சு எடம் குடுத்தாங்க."

பாவம், அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. மாசாமாசம் பணத்தைக் கோலப்ப பிள்ளைக்கு அனுப்பினாலும், அந்தக் காலையில் ஏறிய பயம் அவருக்கு இறங்கவேயில்லை. திருவனந்தபுரத்தில் இருப்பவர் பணம் வாங்குகிற தம்பி, வீட்டை ஆள்கிறவர் இந்த அண்ணாச்சி என்றே கடைசிவரைக்கும் நினைத்தார்.

தங்கம்மை எண்ணெய்ப் பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள். தூணைப் பார்த்தாள். மச்சைப் பார்த்தாள். ஆபீசரை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு நேரே பின்கட்டுக்கு வந்து, நடையில் சாய்ந்திருந்த பொன்னுலிங்கத்தின்முன் நின்றாள்.

"அத்தான், முன்கட்டுல ஆபீசரைக் குடிவச்சிருக்கியளாக்கும்?"

பொன்னுலிங்கம் அவசரப்படவில்லை.

"இருக்காரு" என்றார். "கொஞ்சம் படிச்சு வாறாரு."

"சொல்லவே இல்லியே?"

"கேக்கல்லியே."

தங்கம்மை உள்ளே போய்ப் பேத்தியை மடியில் எடுத்தாள். மூக்கு தன் வீட்டு மூக்கு என்றாள். காலை ஆட்டிப் பார்த்து, அது செல்லத்தாயின் கால் என்று விட்டுக்கொடுத்தாள். போகும்போது வாசலில் நின்று, சிவசைலத்துக்குக் கேட்கும்படி, "எனக்க சம்மந்தி வீட்டுல புகை கொஞ்சம் கூடத்தான். பொறுத்துக்கிடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். குழித்துறைச் சந்தையில் அந்த வாரமே செய்தி வேறாகிவிட்டது.

அவள் கோட்டை வாசல் தாண்டியதும் செல்லத்தாய் நடையில் வந்து உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. முந்தானையால் வாயை மூடியும் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"கேட்டியளா, உங்களைத்தான்" என்றாள். "கட்டின நாள்லேருந்து இன்னைக்குத்தான் நீங்க ஒரு வேலை செய்திருக்கிய."

பொன்னுலிங்கம் முதுகைத் தடவிக்கொண்டார்.

"அதுக்குக் கூலி உண்டாட்டி?"

"உண்டு. பிள்ளைக்கு வெந்நி காஞ்சு கெடக்கு. எழும்பிப் போயி கோரிட்டு வாங்கோ."